முடக்குவாதம்: மெத்தென்ற செருப்பு வாங்கியும் முன்பாத வலி குறையவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

நாலாம்வகுப்பு_டீச்சர்

வணக்கம். எனக்கு 46 வயது. முடக்குவாதம் என்று கண்டுபிடித்து நாலு வருடம் ஆகிறது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் அமிலம் என்று மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. கைவிரல்களும் மணிக்கட்டும் பெரும்பாலும் அடங்கிவிட்டன. போன மாதம் மருத்துவர் கைகளையும் முழங்காலையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல கட்டுப்பாட்டில் இருக்கு" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் எனக்குக் கால் வலித்தது.

வலி விரல்களுக்குக் கீழே, பாதத்தின் முன்மேட்டில். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது தரையில் கூழாங்கல் பரப்பி வைத்த மாதிரி இருக்கும். ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று இரண்டு மூன்று முறை உட்கார்ந்து உள்ளங்காலைத் தடவியே பார்த்தேன். ஒன்றும் இல்லை. வகுப்பில் மூன்றாவது பாடவேளைக்கு மேல் நிற்க முடிவதில்லை. எடையைக் குதிகாலுக்கு மாற்றி, மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் ஒரு பையன் நாற்காலியை இழுத்து வந்து போட்டு, "உக்காந்தே சொல்லுங்க டீச்சர்" என்றான். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன்.

இந்த ஒரு வருடத்தில் மூன்று ஜோடி வாங்கிவிட்டேன். முதலாவது, கட்டைவிரலால் அழுத்தினால் அப்படியே உள்ளே போகும் நுரை வைத்த ஷூ. முதல் வாரம் சொர்க்கம். ஒரு மாதத்தில் வலி பழையபடி, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. இரண்டாவது, விரல் இடிக்கக் கூடாது என்று ஒரு அளவு பெரிதாக எடுத்த விளையாட்டு ஷூ. குதிகால் கழன்று கழன்று வருகிறது. கழலாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்தே நடக்கிறேன். மூன்றாவது, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் வரும் செருப்பு. என் இரண்டாவது விரல் இப்போது கொஞ்சம் மேலே தூக்கி நிற்கிறது. அந்த முட்டியில் உரசி உரசிச் சிவந்துவிட்டது.

மெத்தென்று இருக்க வேண்டுமா, கெட்டியாக இருக்க வேண்டுமா? உள்ளே தனியாக இன்சோல் வைத்தால் பலன் உண்டா? வீட்டுக்குள்ளும் போட வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பதினேழு_வருடம்

டீச்சர், அந்தக் கூழாங்கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வருடமாக இந்த நோயோடு இருக்கிறேன். அதில் முதல் ஆறு வருடம் நீங்கள் செய்த அதே தவறுகளைத்தான் நானும் செய்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செருப்புக்கு முன்னால் ஒரு விஷயம். "கட்டுப்பாட்டில் இருக்கு" என்று மருத்துவர் சொன்னதில் உங்கள் பாதம் சேர்ந்திருக்கிறதா? பல இடங்களில் நோயின் வேகத்தை அளக்க 28 மூட்டுகளை எண்ணும் முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் மூட்டுகள், முழங்கால், அவ்வளவுதான். கணுக்கால் அதில் இல்லை, பாதத்தின் ஒரு மூட்டுகூட இல்லை. கை அடங்கி, கணக்கு நன்றாக வந்துவிட்டாலும் பாதத்தில் அழற்சி ஓடிக்கொண்டே இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. நான் சாக்ஸைக் கழற்றாமலேயே பல வருடம் மருத்துவரைப் பார்த்து வந்தேன். யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை. பிறகு வேறு ஒரு மருத்துவர் பாதத்தை இரண்டு பக்கமும் கையால் பிடித்து, விரல்களின் அடிமூட்டுகளைச் சேர்த்து மெதுவாக அமுக்கினார். நான் கத்திவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தபோது சுண்டுவிரலின் அடிமூட்டில் எலும்பு அரித்திருந்தது. நிறையப் பேருக்கு அரிப்பு முதலில் தெரிகிற இடமே அதுதான் என்றார்.

அடுத்த முறை போகும்போது உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "காலையும் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். மூட்டுக்குள் அழற்சி ஓடும்போது எந்தச் செருப்பும் பாதி வேலைதான் செய்யும். மருந்து சரியாக இருந்து, செருப்பு தப்பாக இருந்தாலும் அதே கதைதான்.

சரி, மெத்தென்ற செருப்பு ஏன் கைவிட்டது? நம் முன்மேட்டுக்கு அடியில் இயற்கையாகவே ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. மூட்டு வீங்கி, விரல்கள் மேலே தூக்கி மடங்க ஆரம்பித்தால் அந்த மெத்தை விரல்களோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும். எலும்பின் முனைகள் தோலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கூழாங்கல் மாதிரி உணர்வது வெளியிலிருந்து வந்த கல் இல்லை, நம்முடைய எலும்புதான். நீங்கள் வாங்கிய நுரை புதிதில் அந்த மெத்தையின் வேலையைச் செய்தது. ஒரே இடத்தில் எடை விழுந்து விழுந்து அங்கே குழியாகிவிட்டது. இப்போது எலும்புமுனை அந்தக் குழிக்குள் இறங்கி அடியட்டையை முட்டுகிறது. ஷூவுக்குள் இருக்கும் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பள்ளம் தெரியும்.

இன்னொன்று, நுரை முழுக்க மெத்தென்று இருந்தால் கால் உள்ளே ஆடும். தளர்ந்துபோன மூட்டுகள் ஒவ்வொரு அடியிலும் பக்கவாட்டில் அசையும். அதோடு அடியட்டையும் துணி மாதிரி வளைந்தால், ஒவ்வொரு அடியின் முடிவிலும் வலிக்கிற மூட்டுகள்தான் மடங்கிப் பாதத்தைத் தள்ளிவிட வேண்டும். அந்த மடங்கலைக் குறைப்பதுதான் நமக்கு வேண்டியது. காலைத் தொடும் பக்கம் மெத்தென்று இருக்கட்டும், தரையைத் தொடும் பக்கம் கெட்டியாக இருக்கட்டும். இது புரிய எனக்கு ஆறு வருடம் ஆனது.

நான் இப்போது போடுவது முன்பக்கம் அகலமும் உயரமும் உள்ள, வெல்க்ரோ பட்டை வைத்த மூடிய ஷூ. அடி கெட்டி, முன்முனை படகின் மூக்கு போலக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். மூட்டு மடங்காமலேயே கால் அதன்மேல் உருண்டு முன்னேறும். போட்ட முதல் நாள் கட்டை மேல் நடப்பது போல இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். நாலாவது நாள் மாடிப்படி ஏறி முடித்த பிறகுதான், வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமலே ஏறியிருக்கிறேன் என்று கவனித்தேன்.

வீட்டுக்குள்? கட்டாயம். வெறுங்காலோடு கெட்டித் தரையில் நடப்பதுதான் காலுக்கு அதிகச் சுமை. காலையில் மூட்டு இறுகிப்போய் இருக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம். வீட்டுக்கென்று ஒரு ஜோடியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்பட்டை இல்லாமல் தொளதொளவென்று இருப்பது வேண்டாம். கால் அதிலிருந்து கழலாமல் இருக்க விரல் மடங்கும், அதே தொல்லை திரும்ப வரும்.

---

தோல்_தையல்

மருத்துவக் காலணி செய்கிற பட்டறையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முடக்குவாதக்காரர்கள். மேலே அந்த அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் கைவேலைக்காரன் பார்வையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சாக்ஸ் போட்டுக்கொண்டு அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு செய்தால் பயனில்லை. எடை இறங்கினால்தான் பாதம் விரியும். வேறு யாரையாவது விட்டுப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் வரையுங்கள், இரண்டும் ஒரே அளவில் இருக்காது. இப்போது உங்கள் மூன்று ஜோடியையும் அந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு ஷூவுக்கு வெளியே எங்கெங்கே தெரிகிறதோ, அங்கெல்லாம் தினமும் உங்கள் கால் நசுங்குகிறது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஒரு அளவு பெரிதாக வாங்குவது எல்லாரும் செய்கிற தவறு. உங்களுக்குக் குறைவது நீளம் இல்லை, அகலமும் ஆழமும்தான். ஆழம் என்று நான் சொல்வது விரல்களுக்கு மேலே உள்ள இடத்தை. உங்கள் இரண்டாவது விரல் மேலே தூக்கியிருக்கிறது என்றால் ஷூவின் முன்கூரை உயர்ந்திருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தடவுங்கள், அந்த முட்டி வரும் இடத்தில் தையல் ஓடக் கூடாது. நீளத்துக்கு ஒரு கணக்கு: நின்றபடி, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். நீளமான விரல் என்பது எல்லாருக்கும் பெருவிரல் இல்லை, பாருங்கள்.

கடையில் ஷூவைக் காலில் போடுவதற்கு முன்னால் கையால் மூன்று காரியம் செய்யுங்கள். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரை இரண்டு பக்கமும் விரலால் அமுக்குங்கள். அமுங்கி ஒட்டிக்கொண்டால் அது குதிகாலைப் பிடிக்காது. அப்புறம் முன்னும் பின்னும் பிடித்து, துணி பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாக முறுக்கினால் வேண்டாம். கடைசியாக முனையை மேலே வளைத்துப் பாருங்கள். வளைந்தால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும்தான் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடியும் ஷூ நடுப்பாதத்தைத் தாங்காது. குதி உயரம் 2 முதல் 3 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். உயரம் ஏற ஏற எடை முன்மேட்டுக்குச் சரியும்.

இன்சோல் பற்றிக் கேட்டீர்கள். முன்மேட்டு வலிக்கு இன்சோலில் ஒரு சின்ன மேடு வைப்போம், பாதி வெட்டிய முட்டை வடிவில். அதை வலிக்கிற இடத்துக்கு நேராகவே பலரும் ஒட்டிக்கொள்கிறார்கள். பெரிய தப்பு அது. கல் இருக்கும் இடத்தில் இன்னொரு கல்லை வைத்த மாதிரி ஆகிவிடும். மேடு வலிக்கிற எலும்புமுனைகளுக்குக் கொஞ்சம் பின்னால், குதிகால் பக்கமாக உட்கார வேண்டும். அப்போதுதான் எலும்பின் தண்டை அது தாங்கும், முனையின் மேல் இருக்கும் சுமை குறையும்.

இடம் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது இதுதான். வலிக்கிற இடத்தில் உள்ளங்காலில் லிப்ஸ்டிக் தடவி, இன்சோலை ஷூவுக்குள் போட்டு, வெறுங்காலை மெதுவாக உள்ளே விட்டு எழுந்து நிற்கச் சொல்வோம். கழற்றினால் இன்சோலில் சிவப்பாகக் குறி விழுந்திருக்கும். மேட்டின் முன்விளிம்பு அந்தக் குறிக்கு அரை சென்டிமீட்டர் பின்னால் வர வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் டேப்பில் ஒட்டி இரண்டு மூன்று நாள் நடந்து பாருங்கள். போட்டிருப்பது லேசாகத் தெரிய வேண்டும், உறுத்தக் கூடாது. உறுத்தினால் கொஞ்சம் நகர்த்துங்கள். சில மில்லிமீட்டர்தான், அதிலேயே வித்தியாசம் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்சோலும் இடம் அடைக்கும். ஏற்கெனவே இறுக்கமான ஷூவுக்குள் அதைத் திணித்தால் விரல்கள் கூரையில் இடிக்கும். உள்ளே இருக்கும் அட்டை கழன்று வருகிற ஷூவாக எடுங்கள். அதை எடுத்துவிட்டு இதை வையுங்கள்.

---

நாலாம்வகுப்பு_டீச்சர்

படித்ததும் என் கணவரைக் கூப்பிட்டுத் தாளில் வரையச் சொன்னேன். என் மூன்று ஜோடியில் ஒன்றுகூடக் கோட்டை மறைக்கவில்லை. வலது பாதம் சுண்டுவிரல் பக்கம் நன்றாகவே வெளியே தெரிந்தது. வார் வைத்த செருப்பு இரண்டு பக்கமும் தோற்றது. நுரை ஷூவின் உள்ளட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது விரலுக்கு அடியில் பொட்டு வைத்த மாதிரி இரண்டு பள்ளம். இத்தனை நாள் நான் அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். மணிக்கட்டு அடங்கியிருந்தாலும் காலையில் விரலில் பிடிமானம் இல்லை, லேஸ் கட்ட வராது. அப்புறம், முன்மேட்டில் தோல் தடித்துக் காய்த்திருக்கிறது. பிளேடால் சீவி எடுத்தால் வலி குறையும் என்று உடன் வேலை பார்க்கிறவர் சொல்கிறார். செய்யலாமா?

---

அம்மாவுக்காக

அக்கா, தயவுசெய்து பிளேடைத் தொடாதீர்கள். இதைச் சொல்லத்தான் உறுப்பினராகச் சேர்ந்தேன்.

என் அம்மாவுக்கு 71 வயது, முடக்குவாதம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவும் அப்படித்தான் சீவிக்கொண்டிருந்தார். ஒருநாள் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. நமக்குக் கொடுக்கிற மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. ஸ்டீராய்டு எடுத்தால் தோலும் மெலிந்துபோகும். சின்ன வெட்டு சீழ் பிடித்து, ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. புண் ஆறும்வரை ஊசி மருந்தையும் நிறுத்தி வைத்தார்கள். அந்த இடைவெளியில் எல்லா மூட்டும் ஒன்றாக வீங்கிக்கொண்டது. எழுந்து குளியலறைக்குப் போகக்கூட நான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

காய்ப்பு என்பது அங்கே அழுத்தம் விழுகிறது என்பதற்கு அடையாளம். அழுத்தத்தை எடுக்காமல் தோலை மட்டும் எடுத்தால் திரும்ப வளரும், அதோடு எலும்புமுனைக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மறைப்பும் போய்விடும். ரொம்பத் தடித்துத் தொந்தரவு செய்தால், முடக்குவாதக் காலைப் பார்த்துப் பழகிய பாத மருத்துவரிடம் போங்கள். கால் ஆணிக்கு ஒட்டுகிற ஆசிட் பட்டையும் வேண்டாம், நல்ல தோலையும் அரித்துவிடும்.

அம்மாவுக்குப் பாதத்தில் ஒரு பக்கம் உணர்ச்சியும் குறைவு. புது ஷூ கடித்தது அவருக்குத் தெரியவில்லை. சாக்ஸில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ராத்திரி ஷூவைக் கழற்றியதும் இரண்டு பாதத்தையும் மடியில் வைத்து, விரல் இடுக்கு வரை வெளிச்சத்தில் பார்த்துவிடுகிறேன். புது ஷூ வந்தால் முதல் நாள் ஒரு மணி நேரம், வீட்டுக்குள் மட்டும். கழற்றிப் பார்ப்போம். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் மறுநாள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டுவோம். மறையவில்லை என்றால் அந்த இடத்தில் ஷூவைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த தடவை.

லேஸ் பற்றி: வெல்க்ரோ எடுங்கள், ஆனால் பட்டையின் முனையில் விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம் தைத்துக்கொள்ளுங்கள். அம்மாவால் பட்டையைக் கிள்ளிப் பிடிக்க முடியாது, வளையத்துக்குள் விரலை விட்டு இழுக்க முடியும். அப்புறம், ஷூவின் வாய் விரல் பக்கம் வரைக்கும் அகலமாகத் திறக்க வேண்டும். திறப்பு சின்னதாக இருந்தால் மடங்கிய விரல்கள் உள்ளே போகும்போதே அடிபடும். லேஸ் ஷூதான் பிடித்திருக்கிறது என்றால் இழுபடும் எலாஸ்டிக் லேஸ் போட்டு ஒருமுறை கட்டிவிட்டால் போதும். நீளக் கைப்பிடி வைத்த ஷூக் கரண்டியால் குனியாமலே போட்டுக்கொள்ளலாம்.

பதினேழு_வருடம் அக்கா படகு மூக்கு ஷூ பற்றிச் சொன்னார்கள். என் அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. முன்னால் உருட்டிவிடுவதால் படியில் இறங்கும்போது தடுமாறினார். கணுக்காலும் பலவீனம், முழங்காலும் அப்படி. விழுந்தால் எலும்பு தாங்காது என்று விட்டுவிட்டோம். அவருக்கு அடி கெட்டியாகவும் தட்டையாகவும் உள்ள ஷூதான் சரியாக இருக்கிறது.

---

பதினேழு_வருடம்

தம்பி, அம்மாவை இப்படிப் பார்த்துக்கொள்கிறீர்களே, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நீங்கள் சொன்னது நியாயம். நான் என் காலுக்குச் சொன்னதை எல்லார் காலுக்கும் சொன்ன மாதிரி எழுதிவிட்டேன். நிலை தடுமாறுகிறவர்கள் வளைந்த அடியை ஒரு நிபுணர் பக்கத்தில் இருக்கும்போது நடந்து பார்த்த பிறகே எடுக்க வேண்டும். டீச்சர், நீங்கள் எடுத்தாலும் முதல் வாரம் படியில் கைப்பிடியைப் பிடித்தே இறங்குங்கள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் பழைய ஷூக்களைக் கவிழ்த்துப் பாருங்கள். அடி எந்தப் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது? உள்பக்கம் மட்டும் நன்றாகத் தேய்ந்து, உள் கணுக்காலுக்குப் பின்னாலும் வலி இருந்தால், பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாரும் தளர்ந்திருக்கலாம். அதற்கு முன்மேட்டு மேடு மட்டும் போதாது. வளைவுக்கு அடியில் தாங்கலும் குதிகாலை நேராக நிறுத்தும் கெட்டியான பின்சுவரும் வேண்டும். அந்த அளவுக்குப் போனால் கடையில் கிடைக்கிற இன்சோலை நம்பாமல், பாதத்தை அச்செடுத்துச் செய்து கொள்வது நல்லது.

மூட்டு திடீரென்று சிவந்து, சூடாக, தொடவே முடியாமல் வீங்கினால் செருப்பை யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

---

நாலாம்வகுப்பு_டீச்சர் (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மருத்துவரிடம் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றினேன். "காலையும் பாருங்க டாக்டர்" என்று சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. அவர் கோபப்படவில்லை. இரண்டு பாதத்தையும் அமுக்கிப் பார்த்தார், அல்ட்ராசவுண்ட் எழுதிக்கொடுத்தார். வலது பாதத்தில் இரண்டு மூட்டிலும் இடதில் ஒன்றிலும் உள்சவ்வு வீங்கியிருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார். "கை நல்லா இருந்ததால கால நான் விட்டுட்டேன்" என்று அவரே சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன், தேய்மானம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கணுக்காலில் வலி இல்லை. அதனால் சாதாரண இன்சோலில் மேடு ஒட்டியே ஆரம்பித்தேன். லிப்ஸ்டிக் குறி எடுத்தது என் மகள். நான் வலிக்கிறது என்று கையால் காட்டிய இடத்துக்கும் குறி விழுந்த இடத்துக்கும் ஒரு விரல் அகலம் வித்தியாசம். முதலில் ஒட்டியது உறுத்தியது. டேப்பைப் பிரித்து இரண்டு முறை பின்னால் தள்ளிய பிறகு சரியாக உட்கார்ந்தது.

ஷூ வாங்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. தாளை விரித்து வைத்து ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தேன். கடைப் பையன் முதலில் விழித்தான், பிறகு அவனே உள்ளே போய் அகலமானவற்றை மட்டும் தேடி எடுத்து வந்தான். வெல்க்ரோ இரண்டு பட்டை, அடி கெட்டி, முனை கொஞ்சம்தான் மேலேறியிருக்கிறது. முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

இப்போது ஐந்தாவது பாடவேளை வரை நிற்க முடிகிறது. காலையில் முதல் அடி இன்னும் வலிக்கிறது, ஆனால் கட்டிலடியில் இருக்கும் ஜோடிக்குள் காலை விட்டு எழுந்தால் கூழாங்கல் இல்லை. மருந்து எவ்வளவு, ஷூ எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையன் மறுபடி நாற்காலியை இழுத்து வந்தான். "இன்னைக்கு வேணாம்டா கண்ணா, பக்கத்துலயே இருக்கட்டும்" என்றேன்.

ஒரே ஒரு குறை. வலது சுண்டுவிரலின் அடிமூட்டு மட்டும் இன்னும் ஷூவின் பக்கச்சுவரில் உரசுகிறது. ராத்திரி பார்க்கும்போது சிவப்பாக இருக்கிறது, மறைய ஒரு மணி நேரம் ஆகிறது. மற்ற எல்லாம் சரியாக இருப்பதால் இந்த ஜோடியை விட மனமில்லை.

---

தோல்_தையல்

விட வேண்டாம் டீச்சர். மேல்பாகம் தோலா, செயற்கைப் பொருளா? தோல் என்றால் அந்த ஒரு இடத்தை மட்டும் விரித்துக் கொடுக்கலாம். மூட்டு சரியாக எங்கே இடிக்கிறது என்று காலில் போட்டுக்கொண்டே வெளிப்பக்கம் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொண்டு போங்கள். காலணி சரிசெய்கிறவரிடம் குமிழ் வைத்த இடுக்கி இருக்கும். உள்ளே குமிழும் வெளியே வளையமுமாகப் பிடித்து, தோலை ஈரமாக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுவார். ஷூ முழுவதையும் விரிக்கச் சொல்லாதீர்கள், குதிகால் பிடி போய்விடும்.

செயற்கைப் பொருள் என்றால் அது விரித்தாலும் திரும்பச் சுருங்கிக்கொள்ளும். அப்போது அந்த வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, இழுபடும் துணியை உள்ளிருந்து ஒட்டித் தைக்கலாம். தையல் வட்டத்துக்கு வெளியே நன்றாகத் தள்ளி வர வேண்டும் என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அந்தப் பக்கப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திப் போடுங்கள், பகலில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.